ஃபைபர் படகில் ஜெல்கோட் (படகின் மேல்தோலாக நிற்கும் பிசின் பூச்சு) பூசிய இடம் மட்டும் மங்கிவிட்டது. எந்த பாலிஷ் போட்டால் பளபளப்பு நிற்கும்?

கேட்டவர் தந்த விவரம் இது: மொரீஷியஸின் கிழக்குக் கரையில் த்ரூ தோ தூஸிலிருந்து இல் ஓ செர்ஃப் தீவுக்கு ஆள் ஏற்றும் வெள்ளை ஃபைபர் படகு. ஜெட்டியில் உரசியதில் பக்கவாட்டில் கீறல். ஜெல்கோட் கெட்டியாக இருந்ததால் கொஞ்சம் அசிட்டோன் கலந்து பூசி, மறுநாள் காலையிலேயே வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து பஃபிங் (மெஷினால் மெருகேற்றல்) செய்திருக்கிறார். இரண்டு வாரம் கண்ணாடி மாதிரி இருந்தது. இப்போது அந்த இடம் மட்டும் மங்கி, ஓரத்தில் கோடும் தெரிகிறது.

பாலிஷை மாற்றிப் பயனில்லை. ஜெல்கோட்டின் பளபளப்பில் முக்கால்வாசி பஃபிங் மெஷினைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிவாகிவிடும். கலவை முழுதாக இறுகியதா, முந்தைய பேப்பரின் கீறல் ஒவ்வொன்றும் போனதா, இந்த இரண்டும்தான் கணக்கு.

முதலில் இப்போது இருப்பதைப் பாருங்கள். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, மாலை வெளிச்சத்தில் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். நேர்க்கோடுகள் தெரிந்தால் அது பேப்பர் கீறல். பஃபிங் காம்பவுண்டில் (மெருகேற்றும் பசையில்) இருந்த எண்ணெய் இதுவரை அதை மறைத்திருந்தது. கோடே இல்லாமல் மொத்தமாக மங்கியிருந்தால் இறுகி முடியும் முன்பே தேய்த்திருக்கிறீர்கள். அதன்பிறகு உள்ளே சுருங்கி மேற்பரப்பு நெளிந்துவிட்டது. ஊசி குத்தினாற்போல் புள்ளிகள் இருந்தால் அசிட்டோனின் வேலை. மேற்பரப்பு கெட்டியாகும்போது அது ஆவியாகிப் போன வழிதான் அந்தத் துளை. நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் காப்பாற்ற வழியில்லை, சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். தடம் விழாமல் கீறலோ மங்கலோ மட்டும் என்றால் 1000 எண் பேப்பரிலிருந்து (எண் கூடக் கூடப் பேப்பர் மென்மை) திரும்பத் தொடங்கினால் போதும்.

மறுபடி பூசுவதாக இருந்தால், பேப்பர் வைப்பதற்கு முன் பழைய மெழுகை எடுத்துவிடுங்கள். மெழுகோடு தேய்த்தால் அது கீறலுக்குள் இறங்கி, புது ஜெல்கோட் அங்கே ஒட்டாமல் மீன்கண் போல வட்டம் வட்டமாக விலகும். கீறலை ஸ்க்ரேப்பரால் V வடிவில் திறந்து, உள்பக்கத்தை 120 பேப்பரால் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்துக் காய விடுங்கள். அசிட்டோனுக்கு வேலை இந்த இடத்தில் மட்டும்தான். ஓரத்தை வெகுதூரம் இழைத்து மெலிதாக்காதீர்கள். மெலிந்த ஓரத்தில் ஜெல்கோட் ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்ந்துபோகும். உங்களுக்குத் தெரிகிற கோடு பெரும்பாலும் அதுதான். பள்ளம் ஆழமாக இருந்தால் பாலியெஸ்டர் பட்டி வைத்து நிரப்புங்கள். எபாக்ஸி பட்டி மேல் சாதாரண ஜெல்கோட் சரியாக இறுகாமல் பிசுபிசுத்துப் போவது உண்டு.

கலவைதான் பலரும் கோட்டைவிடும் இடம். 100 கிராம் ஜெல்கோட்டுக்கு 2 சதவீதம் என்றால் எம்.ஈ.கே.பி ஹார்ட்னர் (ஜெல்கோட்டை இறுக வைக்கும் திரவம்) 2 கிராம், கிட்டத்தட்ட 1.8 மில்லி. மொரீஷியஸின் ஜூலை, ஆகஸ்ட் குளிரில் இதே அளவு சரி. ஜனவரி வெயிலில் 1.5 சதவீதம், அதாவது 1.3 மில்லி போதும். அவகாசம் வேண்டுமென்று 1 சதவீதத்துக்குக் கீழே இறங்கவே கூடாது. அது கடைசிவரை முழுதாக இறுகாது, சீக்கிரம் மஞ்சளாகி மாவு பூக்கும். பொத்தல் சின்னதாக இருக்கிறதே என்று 10 கிராம் கலப்பதும் வீண் சிக்கனம். அந்த அளவில் இரண்டு மூன்று சொட்டு கூடினாலே சதவீதம் எங்கோ போய்விடும். 50 கிராம் கலந்து, 1 மில்லி சிரிஞ்சில் 0.9 அளந்து விடுங்கள், மீதியை வீசிவிடலாம். நுரை வராமல் ஒரு நிமிடம் மெதுவாக, டப்பாவின் ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்குங்கள். கெட்டியாக இருந்தால் ஸ்டைரீன் (ஜெல்கோட்டிலேயே இருக்கும் திரவம்) 5 சதவீதம் வரை சேர்க்கலாம்.

ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் 15 நிமிடமாவது தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். கோபால்ட்டோடும் (இறுகலை வேகப்படுத்தச் சேர்ப்பது) அசிட்டோனோடும் அதை நேரடியாகக் கலக்கவே கூடாது.

பூசும்போது பார்க்க வேண்டியது படகின் சூடு; காற்றின் சூடு அல்ல. கிழக்குக் கரையில் காலைப் பனி ஈரமும் திடீர் தூறலும் சகஜம், நடுப்பகல் வெயிலில் அதே இடம் தொட முடியாமல் சுடும். நிழல் கட்டி, ஈரம் காய்ந்தபின் காலை ஒன்பது பத்து மணிவாக்கில் பூசுவது நல்லது. சுற்றியுள்ள பரப்பைவிட அரை மி.மீ. உயரமாக நிற்கட்டும், இறுகும்போது கொஞ்சம் அமிழும்.

அச்சில் பூசுகிற ஜெல்கோட்டில் மெழுகு இருக்காது. காற்றுப்படும் முகம் ஆக்சிஜனால் பிசுபிசுவென்றே நிற்கும். அதற்கு இரண்டு வழி. வளைந்த இடமென்றால் கடைசிப் பூச்சில் மட்டும் மெழுகுக் கரைசல் கலக்க வேண்டும், 100 கிராமுக்கு 2 முதல் 5 கிராம், சரியான அளவு டப்பாவில் எழுதியிருக்கும். சமதளமென்றால் என் ஓட்டு பிளாஸ்டிக் தாளுக்குத்தான். பழைய ஓ.எச்.பி. ஷீட் (புரொஜெக்டரில் வைக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) ஒன்றை எடுத்து ஒரு ஓரத்தை டேப்பால் ஒட்டி, ஜெல்கோட் மேல் மெல்ல படியவிட்டுக்கொண்டே பழைய போன் கார்டால் காற்றுக் குமிழியை எதிர்ப்பக்கம் தள்ளிவிடுங்கள். உரித்தெடுக்கும்போது மேடு மட்டும்தான் மிச்சமிருக்கும், முகம் ஏற்கெனவே வழவழப்பாக இருக்கும். பாதித் தேய்ப்பு மிச்சம்.

பிறகு பொறுமை. குறைந்தது 24 மணி நேரம். குளிர்காலத்தில் மூன்று நாள் விட்டாலும் நஷ்டமில்லை. மறுநாள் காலையிலேயே தேய்த்ததுதான் உங்கள் விஷயத்தில் எனக்குப் படும் முதல் சந்தேகம்.

தேய்ப்புக்கு, புதிதாகப் பூசிய ஒட்டின் நான்கு பக்கமும் டேப்பை இரண்டடுக்கு ஒட்டிவிட்டு, கட்டையில் சுற்றிய 320 பேப்பரால் மேட்டை மட்டும் இறக்குங்கள். வெறும் விரலால் தேய்த்தால் பள்ளம் விழும். பளபளப்பு வந்தபின் அது அலையாகத் தெரியும். டேப் உரசத் தொடங்கியதும் அதை உரித்துவிட்டு 400, 600, 800, 1000, 1500 என்று தண்ணீரோடு போங்கள், தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப். ஒரு பேப்பர் நெடுக்காகப் போனால் அடுத்தது குறுக்காகப் போகட்டும். முந்தைய திசையின் கோடு ஒன்றுகூட மிஞ்சாதபோதுதான் அந்தப் பேப்பர் முடிந்தது. பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கிறுக்கிவிட்டுத் தேய்த்தால் எங்கே இன்னும் தொடவில்லை என்று தெரியும். ஒவ்வொரு முறையும் வாளித் தண்ணீரையும் மாற்றுங்கள். 400 பேப்பரின் ஒரு மணல் துணுக்கு 1500 பேப்பருக்கு அடியில் சிக்கினால் மொத்த வேலையும் பாழ். சுற்றியுள்ள பழைய ஜெல்கோட் அரை மி.மீ. சொச்சம்தான், மூலைகளில் அதுவும் இருக்காது. அங்கே கை அழுத்தம் வேண்டாம்.

பஃபிங்கிற்கு கம்பளிப் பேடில் 1500 ஆர்.பி.எம். அளவில் காம்பவுண்ட், பிறகு ஸ்பாஞ்ச் பேடில் மெல்லிய பாலிஷ். இரண்டடிச் சதுரத்துக்கு நாணயமளவு காம்பவுண்ட் போதும். ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள், சூடேறினால் பரப்பு மஞ்சளிக்கும். முடிந்ததும் மறுபடி ஆல்கஹால் துடைப்பு, டார்ச். கோடு தெரிந்தால் மெஷினை இன்னும் அழுத்தத் தோன்றும். அழுத்தாமல் 1000 பேப்பருக்குத் திரும்புங்கள்.

நிறத்தைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் அடுத்து அதில்தான் மாட்டுவீர்கள். வெயிலில் நின்ற பழைய வெள்ளை வெள்ளையே அல்ல. பூசும் முன்பே பக்கத்தில் ஓரிடத்தைக் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்து உண்மை நிறத்தைக் கண்டுபிடித்து, பிக்மெண்டைப் பல்குச்சி நுனியளவு சேர்த்து, ஹார்ட்னர் போட்டு இறுகவிட்ட மாதிரியோடு ஒப்பிடுங்கள். ஈரத்தில் பொருந்திய நிறம் இறுகியபின் மாறும். ஒட்டு மட்டும் மின்னி மற்ற இடம் மாவு பூத்திருந்தாலும் கண்ணுக்கு உறுத்தும், அந்தப் பக்கம் முழுவதையும் மேல் ரப்பர் பட்டையிலிருந்து கீழ் விளிம்புவரை பாலிஷ் செய்துவிடுங்கள். மெழுகு அதற்குப் பிறகுதான், ஆண்டுக்கு இரண்டு முறை. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவினால் அந்த மெழுகும் நிற்கும்.