இரண்டு போர்களுக்கு நடுவே அமெரிக்கா: கேள்வி பதில்

கேள்வி: முதல் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கா கதவைச் சாத்திக்கொண்டு ஒதுங்கிவிட்டது என்று பள்ளியில் படித்தோம். சரியா?

பாதி சரி. யாருக்காகவும் படை அனுப்புவோம் என்று கையெழுத்துப் போட அமெரிக்கா தயாராக இல்லை. ஆனால் பணம் வேறு கதை. போர் இழப்பீட்டை ஜெர்மனி கட்ட வழிசெய்த டாவ்ஸ் திட்டத்தின்படி 1924இல் அந்த நாட்டுக்குக் கிடைத்த ஏறத்தாழ 20 கோடி டாலர் கடனில் பாதிக்கு மேல் அமெரிக்காவில் திரட்டியதுதான். ஜெர்மனி பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் இழப்பீடு கட்டும். அவர்கள் அமெரிக்காவின் போர்க்கடனை அடைப்பார்கள். இப்படி ஒரு வட்டத்தையே சுற்றவிட்ட நாட்டை ஒதுங்கியிருந்தது என்று எப்படிச் சொல்வது?

கேள்வி: நாடுகள் சேர்ந்து அமைதியைக் காக்கும் பன்னாட்டுச் சங்கம் (League of Nations) அதிபர் வில்சனின் யோசனை. அவர் நாடே ஏன் சேரவில்லை?

அமெரிக்காவில் இப்படிப்பட்ட ஒப்பந்தம் நிறைவேற, மேலவையான செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். ஓர் உறுப்பு நாடு தாக்கப்பட்டால் மற்றவை காக்க வேண்டும் என்ற சங்க விதிகளின் 10ஆவது பிரிவுதான் பெரிய முட்டுக்கட்டை. எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் ஹென்றி கேபட் லாட்ஜ் நிபந்தனைகளோடு ஏற்கலாம் என்றார். பக்கவாதத்தில் படுத்திருந்த வில்சனோ இறங்கிவரவே இல்லை. நிபந்தனையோடு வந்தால் எதிர்த்து வாக்களியுங்கள் என்று தன் கட்சிக்காரர்களிடமே சொன்னார். 1920 மார்ச் வாக்கெடுப்பில் ஆதரவு 49, எதிர்ப்பு 35. ஏழு வாக்கு குறைந்தது. லாட்ஜைத்தான் வில்லனாக்குவார்கள், என்னைக் கேட்டால் வில்சனின் பிடிவாதத்துக்கும் சம பங்கு உண்டு.

கேள்வி: போர்க்கப்பல்களைக் குறைக்கக் கூடிய வாஷிங்டன் மாநாட்டில் ஜப்பான் குறைந்த பங்குக்கு எப்படிச் சம்மதித்தது?

இந்தக் காலகட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1921 நவம்பர் 12. வழக்கமான வரவேற்புரை என்றுதான் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியுறவுச் செயலர் சார்ல்ஸ் எவன்ஸ் ஹ்யூஸ் எழுந்து, அமெரிக்கா தன் 30 பெரும் போர்க்கப்பல்களைக் கைவிடத் தயார் என்றார். அப்புறம் பிரிட்டனும் ஜப்பானும் எந்தெந்தக் கப்பல்களைக் கைவிட வேண்டும் என்று பெயர் சொல்லியே பட்டியல் போட்டார்!

பெரும் போர்க்கப்பல்களின் மொத்த எடையில் அமெரிக்காவும் பிரிட்டனும் தலா 5 என்றால் ஜப்பானுக்கு 3, அதாவது பத்துக்கு ஆறு. ஜப்பான் பத்துக்கு ஏழு கேட்டது. ஆனால் அமெரிக்காவின் சங்கேத உடைப்பாளர் ஹெர்பர்ட் யார்ட்லியின் குழு டோக்கியோவின் சங்கேதத் தந்திகளைப் படித்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லையென்றால் ஆறுக்கு ஒப்புக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. எதிராளியின் சீட்டு தெரிந்தபின் ஹ்யூஸ் ஏன் இறங்குவார்? பதிலுக்கு, ஹ்யூஸின் பட்டியலில் இருந்த முட்சு போர்க்கப்பலை ஜப்பான் வைத்துக்கொண்டது. பிலிப்பைன்ஸிலும் குவாமிலும் புதிய அரண் கட்டமாட்டோம் என்று அமெரிக்கா வாக்களித்தது. சொந்தக் கடற்பரப்புக்கு அருகே ஜப்பானுக்கு அது லாபமான பேரம்தான்.

கேள்வி: அதில் இந்தியாவுக்கு இடம் இருந்ததா?

இருந்தது. பிரிட்டிஷ் பேரரசுக் குழுவில் இந்தியாவின் பிரதிநிதியாகப் போனவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்தும் உண்டு. இந்தியாவுக்கென்று ஒரு போர்க்கப்பல்கூட இல்லை என்பது வேறு விஷயம்.

கேள்வி: போரையே தடைசெய்த 1928 கெல்லாக்-பிரியான் ஒப்பந்தம் வெறும் காகிதம்தானே?

அன்றைக்குக் காகிதம்தான். மீறினால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. செனட் 85க்கு 1 என்று அதை ஏற்றது. சில வாரங்களிலேயே 15 புதிய குரூசர் கப்பல்களுக்கும் ஒப்புதல் தந்தது. பின்னாளில் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றத்தில், போர் தொடுத்ததே குற்றம் என்று சொல்ல இதே ஒப்பந்தம் கைகொடுத்தது.

கேள்வி: சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவை ஜப்பான் பிடித்தபோது அமெரிக்கர்கள் ஏன் கடிதத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்?

பொருளாதாரத் தடைக்கு அதிபர் ஹூவர் சம்மதிக்கவில்லை. அதனால் 1932 ஜனவரியில் வெளியுறவுச் செயலர் ஸ்டிம்சன், பலவந்தமாக உண்டாக்கிய மாற்றத்தை அங்கீகரிக்கமாட்டோம் என்று குறிப்பு அனுப்பினார். யார்ட்லியின் குழுவுக்கு 1929இல் பணத்தை நிறுத்தி மூடவைத்தவரும் இவரே.

கேள்வி: பிறர் போரில் சிக்காமல் இருக்க அமெரிக்கா போட்ட நடுநிலைச் சட்டங்களால் பயன் இருந்ததா?

1935 சட்டம் அடித்தவன், அடிவாங்கியவன் என்று பார்க்காமல் இரு தரப்புக்கும் ஆயுதம் விற்பதைத் தடுத்தது. எத்தியோப்பியாவை இத்தாலி தாக்கியபோது இருவருக்கும் ஆயுதம் கிடையாது. ஆனால் எண்ணெய் ஆயுதப் பட்டியலில் இல்லை, அது இத்தாலிக்குப் போய்க்கொண்டே இருந்தது. 1937இல் சீனாவில் சண்டை வெடித்தபோது, முறைப்படி போர் அறிவிக்கவில்லை என்ற சாக்கில் அதிபர் ரூஸ்வெல்ட் சட்டத்தைப் பயன்படுத்தவே இல்லை, சீனாவுக்கு ஆயுதம் போகட்டும் என்றுதான். ஆனால் ஜப்பானும் அமெரிக்க எண்ணெயையும் பழைய இரும்பையும் வாங்கிக் குவித்தது. 1939 நவம்பரில் சட்டத்தைத் திருத்தி, ரொக்கம் கொடுத்துச் சொந்தக் கப்பலில் ஏற்றிப் போனால் ஆயுதமே வாங்கலாம் என்றார்கள். அட்லாண்டிக்கில் அப்படி வந்துபோக முடிந்தது பிரிட்டனாலும் பிரான்சாலும்தான். அது தெரிந்தே எழுதிய சட்டம்.