அதிக கோல் போட்டவரையா பயிற்றுநராக்குவது?

கேள்வி: எங்கள் தோட்டத்து உதைபந்தாட்டக் கழகத்துக்குப் புதிய பயிற்றுநர் வேண்டும். லீக்கில் எங்களுக்காக அதிக கோல் போட்டு ஓய்ந்த அண்ணனையே போடலாம் என்கிறோம். கமிட்டியில் சிலர் மறுக்கிறார்கள். பிரான்ஸின் டிடியே டெஷாம் உலகக் கிண்ணம் வென்ற வீரர், அதனால்தானே பயிற்றுநராகவும் வென்றார்? அந்த அணியின் எம்பாப்பே மாதிரி ஒரு கோல்காரர் கையில் இருந்தால் யார்தான் வெல்லமாட்டார்கள்?
– ஒரு வாசகர், பொகவந்தலாவை

பதில்: பெரிய வீரர் என்பதால் வென்றார் என்கிறீர்கள். அடுத்த வரியிலேயே எம்பாப்பேயால் வென்றார் என்கிறீர்கள். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டுமே பிழை என்பது வேறு விஷயம்.

பெரிய வீரர் பெரிய பயிற்றுநர் ஆவார் என்றால், டெஷாமுக்கு முன்பே, அந்நாட்டின் பெரிய வீரர் பிளாட்டினி பிரான்ஸுக்குக் கிண்ணம் கொண்டுவந்திருக்க வேண்டும். அவர் பயிற்றுவித்த அணி 1990 உலகக் கிண்ணத்துக்குத் தகுதியே பெறவில்லை. 1992 ஐரோப்பியக் கிண்ணத்தில் முதற்சுற்றோடு திரும்பியது. மரடோனாவின் ஆர்ஜென்டீனா 2010 காலிறுதியில் ஜேர்மனியிடம் 4–0 என உதைபட்டது.

டெஷாம் பிரான்ஸுக்காக ஆடிய 103 ஆட்டங்களில் போட்ட கோல்கள் வெறும் 4. உங்கள் கமிட்டி கணக்குப்படி அவர் பெயர் பட்டியலிலேயே வராது. நடுக்களத்தில் பந்தைப் பறித்து, பக்கத்தில் நிற்கும் கெட்டிக்காரனிடம் கொடுப்பதுதான் அவர் வேலை. ‘தண்ணீர் சுமப்பவர்’ என்று இன்னொரு பிரெஞ்சு வீரர் கன்டோனா 1996இல் நக்கலடித்தார். அந்தத் தண்ணீர்க்காரர்தான் 1993இல், 24 வயதில், பிரான்ஸின் மார்செய் கழக அணித்தலைவராக சாம்பியன்ஸ் லீக் கிண்ணத்தைத் தூக்கியவர். 1998 உலகக் கிண்ணத்திலும் 2000 ஐரோப்பியக் கிண்ணத்திலும் பிரான்ஸின் தலைவரும் அவரே. அந்த இடத்தில் நிற்பவனுக்குப் பந்தை மட்டும் பார்த்தால் போதாது. பக்கப் பின்கள வீரன் ஏறிப்போனால் அவன் விட்ட ஓட்டையை யார் அடைப்பது என்று 90 நிமிடமும் கணக்குப் போட வேண்டும். பயிற்றுநர் வேலையில் பாதி இதுதான்.

மீதிப் பாதி தானாக வராது. 2001இல் ஆட்டத்தை விட்ட கையோடு மொனாக்கோ அணியைப் பொறுப்பேற்றார். முதல் பருவத்தில் பிரெஞ்சு லீக்கில் 15ஆம் இடம். அடுத்த பருவம் 2ஆம் இடம். 2004இல் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம், போர்ட்டோவிடம் 3–0 தோல்வி. அந்த போர்ட்டோவின் பயிற்றுநர் மொரின்யோ ஒரு சர்வதேச ஆட்டம்கூட ஆடியவரல்ல. கமிட்டிக் கூட்டத்தில் இதையும் சொல்லுங்கள். பிறகு இரண்டாம் தரத்துக்கு இறக்கப்பட்டு 9 புள்ளிகளும் வெட்டப்பட்டிருந்த இத்தாலியின் யுவென்டஸை ஒரே பருவத்தில் மேலே ஏற்றினார். 2010இல் மார்செய்க்கு 18 வருடத்துக்குப் பிறகு லீக் பட்டம். இவ்வளவும் பார்த்த பிறகுதான், 2012 ஜூலையில், தேசிய அணி கைக்கு வந்தது.

இனி எம்பாப்பே. 2018 உலகக் கிண்ணத்தின் முதலாட்டத்தில் டெம்பெலே, கிரீஸ்மன், எம்பாப்பே என மூன்று வேகக்காரர்களையும் ஒன்றாக இறக்கினார். அவுஸ்திரேலியாவை ஒரு பெனால்ட்டியாலும் ஒரு சொந்தக் கோலாலும் 2–1 என்று தட்டுத்தடுமாறித்தான் வென்றார்கள். அடுத்த ஆட்டத்தில் டெம்பெலே வெளியே. நடுவில் உயரமான ஜிரூ, இடது ஓரத்தில் மட்டுயிடி. மட்டுயிடி அடிப்படையில் நடுக்களக்காரர், உள்ளே வந்து கான்டேக்கும் பொக்பாவுக்கும் துணை நிற்பார். அதனால் வலது ஓரத்தில் எம்பாப்பே ஒவ்வொரு தடவையும் பின்னால் ஓடிவரத் தேவையில்லை. பிரான்ஸ் பந்தைப் பறித்த கணம் அவர் முன்னாலேயே நிற்பார். அந்தத் தொடர் முழுவதும் ஜிரூ கோலை நோக்கிச் சரியாக ஒரு பந்துகூட அடிக்கவில்லை. நம் மைதானம் என்றால் கூவியே வெளியேற்றியிருப்பார்கள். டெஷாம் எடுக்கவில்லை. எதிரணியின் இரண்டு நடுப்பின்கள வீரர்களையும் கட்டிவைக்கத்தான் அவர் அங்கே நின்றார்.

இறுதியாட்டத்தில் 2–1 என முன்னால் இருக்கும்போது, மஞ்சள் அட்டை வாங்கித் தடுமாறிய கான்டேயை 55ஆம் நிமிடத்தில் வெளியே எடுத்து நசோன்சியை இறக்கினார். உலகமே கொண்டாடிய வீரரை எடுக்க நெஞ்சுரம் வேண்டும். அடுத்த பத்து நிமிடத்துக்குள் பொக்பாவும் எம்பாப்பேயும் அடித்து 4–1, முடிவு 4–2. நான்கு வருடம் கழித்து ஆர்ஜென்டீனாவுக்கு எதிரான இறுதியாட்டத்தில், 0–2 என்று கிடந்தபோது இடைவேளை வரைகூடக் காக்காமல் 41ஆம் நிமிடத்தில் ஜிரூ, டெம்பெலே இருவரையும் எடுத்தார். ஆட்டம் 3–3 வரை போய்ப் பெனால்ட்டியில்தான் தோற்றது.

தப்பே செய்யாதவரா? இல்லை. 2021இல் ஐரோப்பியக் கிண்ணத்தில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக, இடது பின்கள வீரர்கள் காயப்பட்டிருக்க, மூவர் பின்வரிசைக்குத் திடீரென மாறினார். பழகாத வரிசை, 15ஆம் நிமிடத்திலேயே கோல் வாங்கினார்கள். இடைவேளையில் அதைக் கலைத்து 3–1 வரை போனார்கள், கடைசிப் பத்து நிமிடத்தில் 3–3 ஆகிப் பெனால்ட்டியில் வெளியேறினார்கள். பயிற்சியில் ஆடிப்பார்க்காத வரிசையை மட்ச் அன்று போடாதீர்கள்.

இனி உங்கள் அண்ணன். அவர் போட்ட கோல்களை எண்ண வேண்டாம், அவரிடம் கேள்வி கேளுங்கள். சரிவான மைதானம், நாணயச் சுழற்சியில் வென்றால் எந்தப் பக்கம் எடுப்பார்? பின்னேரம் மழை வரும் காலமென்றால், தரை காய்ந்திருக்கும்போது, கால் ஓய்வதற்கு முன், முதற்பாதியில் மேட்டை நோக்கி ஆடுவதுதான் என் விருப்பம். இரண்டாம் பாதியில் சரிவு உதவும். ஆனால் ஈரத்தில் நீளமாக உதைத்தால் பந்து கோல் கோட்டைத் தாண்டித் தேயிலைக்குள் போய்விடும். அங்கே குட்டைப் பாஸ்தான். இதைக் காரணத்தோடு மறுத்துப் பேசினாலும் அவர் பாஸ். ‘போய்ப் பார்ப்போம்’ என்றால் ஃபெயில்.

பயிற்சி நேரமும் முக்கியம். வேலைவிட்டு வந்து, இருட்டுமுன் ஒரு மணித்தியாலம்தான் கிடைக்கும். அதில் 20 நிமிடத்தைக் கோர்னருக்கும் ஃப்ரீகிக்கும் ஒதுக்குபவரா என்று பாருங்கள்: அடிப்பவர் இருவர், முதற்கம்பத்துக்கு ஒருவர், பின்கம்பத்துக்கு ஒருவர், வெளியே தெறிக்கும் பந்துக்கு ஒருவர், எதிரணியின் திடீர்ப் பாய்ச்சலுக்குக் காவலாகப் பின்னால் இருவர். 2018 காலிறுதியில் வரான் ஃப்ரீகிக்கிலும், அரையிறுதியில் உம்டிட்டி கோர்னரிலும் தலையால் முட்டியவை அப்படி வந்த கோல்கள். இதற்கு எம்பாப்பே தேவையில்லை.

ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் பயிற்றுநர் சான்றிதழ் அடிப்படைத் தரத்தில் தொடங்குகிறது. அடுத்த பயிற்சிநெறி எப்போதென்று லீக் காரியாலயத்தில் விசாரித்து அனுப்புங்கள், செலவைக் கழகம் ஏற்கட்டும். பிரான்ஸின் பெரிய வீரர் சிடான்கூட ரியல் மட்ரிட்டின் பயிற்றுநராக முன் அன்செலொட்டிக்கு உதவியாளராக இருந்தார், பிறகு இரண்டாம் அணியைப் பழக்கினார். உங்கள் அண்ணனும் ஒரு பருவம் 16 வயதுக்குட்பட்ட பையன்களை எடுத்துப் பார்க்கட்டும்.