பேஸ்பால் கார்டு கேள்வி பதில்: மாற்றுவது, அனுப்புவது, ஏமாறாமல் இருப்பது

பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட கார்டுகளைச் சேர்ப்பவர்களும் மாற்றிக்கொள்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். விலை எல்லாம் அமெரிக்க டாலரில்.

கே: அண்ணா, ஒரு கார்டுக்கு என்ன மதிப்பு என்று எப்படி முடிவு செய்வது? இபேயில் ஒரே கார்டை ஒருவர் 15 டாலர் என்கிறார், இன்னொருவர் 90 என்கிறார்.

ப: கேட்கிற விலையைப் பார்க்கவே வேண்டாம். யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். தேடிய பிறகு ‘விற்றவை’ என்ற வடிகட்டியைப் போடுங்கள். கடைசியாக விற்ற ஐந்தை எடுத்து, அதிக விலை ஒன்றையும் குறைந்த விலை ஒன்றையும் தள்ளிவிட்டு, மீதி மூன்றின் சராசரியை வைத்துப் பேசுங்கள்.

அந்த ஐந்தும் உங்கள் கார்டேதானா என்று பார்ப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வருடம், கார்டு எண், பேரலல் (அதே படத்தை வேறு நிறத்தில், வேறு பளபளப்பில் அச்சிட்ட வகை), கிரேடு (கார்டை ஆராயும் நிறுவனம் அதன் நிலைக்குப் பத்துக்குத் தரும் மதிப்பெண்) நான்கும் பொருந்த வேண்டும். டாப்ஸ் நிறுவனத்தின் பளபளப்பான க்ரோம் செட்டில் ஒரே படம் சாதா கார்டாகவும் வரும், வானவில் போல மின்னும் ரிஃப்ராக்டராகவும் வரும், 50 மட்டுமே அச்சான தங்க நிறத்திலும் வரும். மூன்றின் விலைக்கும் சம்பந்தமே கிடையாது. பின்பக்கத்தையோ முன்பக்க ஓரத்தையோ பாருங்கள். 17/50 என்பது போல எண் அடித்திருந்தால் அது எண்ணிக்கை வைத்து அச்சிட்டது.

விற்ற விலையின் மேல் குறுக்கே கோடு போட்டிருந்தால் பேரம் பேசி வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். உண்மையில் கைமாறிய தொகை அதைவிடக் குறைவு. 130பாயிண்ட் தளத்தில் தேடினால் அந்தத் தொகை தெரியும்.

பழைய ஆட்கள் சிலர் ‘புக் வேல்யூ’ என்பார்கள். பெக்கெட் என்ற இதழில் 1984-லிருந்து வரும் விலைப் பட்டியலைச் சொல்கிறார்கள். இரண்டு பேரும் அதே பட்டியலை வைத்துப் பேசினால் தகராறு இல்லை. ஒருவர் புக், மற்றவர் விற்ற விலை என்றால் பேச்சு நகராது.

கே: என்னிடம் 5 டாலர் கார்டு இருபது இருக்கிறது. ஒருவரிடம் 100 டாலர் கார்டு ஒன்று. கணக்கு சரியாகத்தானே வருகிறது, ஏன் மறுக்கிறார்?

ப: உங்களுக்குச் சரியாக வருகிறது, அவருக்கு வரவில்லை. அந்த இருபதையும் காசாக்க அவர் இருபது தடவை படம் எடுத்து, இருபது உறை ஒட்டி, இருபது தடவை தபாலும் இபே கட்டணமும் கட்ட வேண்டும். 5 டாலர் கார்டில் அதெல்லாம் போக மிஞ்சுவது சொற்பம். அதனால் சில்லறையைக் கொடுத்துப் பெரியதை வாங்குகிறவர் கூடுதலாக 10 முதல் 20 சதவீதம் வைப்பது வழக்கம். 115 டாலர் அளவுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

அதைவிட நல்ல வழி, அவர் எந்த அணியை, எந்த ஆட்டக்காரரைச் சேர்க்கிறார் என்று முதலில் கேட்பது. சியாட்டில் மரினர்ஸ் மட்டும் சேர்ப்பவருக்கு ஐந்து மரினர்ஸ் கார்டு, இருபது கலவைக் கார்டைவிட இனிக்கும். செட்டை முடிக்க இன்னும் நாலு எண்தான் பாக்கி என்பவரிடம் அந்த நாலும் உங்களிடம் இருந்தால் சராசரி விலை எல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

கே: தபாலில் மாற்றும்போது யார் முதலில் அனுப்புவது? புதியவன் என்பதால் நான்தான் முதலில் அனுப்ப வேண்டுமாம்.

ப: அது வழக்கம்தான், அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்பு மாற்றியவர்களின் சாட்சி யாருக்குக் குறைவோ அவர் முதலில் அனுப்புவார். இருவரும் ஏறக்குறைய சமம் என்றால் ஒரே நாளில் இருவரும் தபாலில் சேர்த்துவிட்டு டிராக்கிங் எண்ணைப் பரிமாறிக்கொள்ளலாம். முதல் பரிமாற்றம் சின்னதாக இருக்கட்டும், 10, 20 டாலருக்குள்.

அனுப்பும் முன் எழுத்தில் இருக்க வேண்டியவை: வருடம், தயாரிப்பு, எண், பேரலல், நிலை, எந்த நாளில், எந்த வகைத் தபாலில், வழியில் தொலைந்தால் நஷ்டம் யாருக்கு. கடைசியைப் பேசாமல் விட்டுவிட்டுத்தான் பலர் பிறகு சண்டை போடுகிறார்கள். என் கருத்து, கார்டு மற்றவர் கையில் சேரும்வரை அனுப்பியவர் பொறுப்பு.

படம் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் கேளுங்கள். மூன்றாவதாக விளக்கைச் சாய்வாகப் பிடித்து எடுத்த படம் ஒன்று. நேரே எடுத்த படத்தில் மடிப்பும் கீறலும் மறைந்துவிடும், சாய்ந்த வெளிச்சத்தில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். பக்கத்தில் அன்றைய தேதியும் பெயரும் எழுதிய துண்டுச்சீட்டு இருந்தால் கார்டு அவர் கையில்தான் இருக்கிறது என்பது உறுதி. நீங்கள் அனுப்பும் படத்திலும் மூலை மழுங்கியிருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்ட குறைக்கு யாரும் திருப்பி அனுப்புவதில்லை. பணமும் சேர்த்துக் கொடுக்கும் பேரமாக இருந்தால், பேபாலில் ‘நண்பர்கள், குடும்பம்’ வழியாகக் கொடுக்காதீர்கள். அந்த வழியில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாது.

கே: கார்டை எப்படிப் பொதிவது? போன தடவை அனுப்பியது மூலை நசுங்கிப் போய்ச் சேர்ந்தது.

ப: டாப்லோடர் என்கிற கெட்டி பிளாஸ்டிக் உறையில், ஸ்லீவ் என்கிற மெல்லிய உறை இல்லாமல் போட்டிருப்பீர்கள், அல்லது வாயை மூடாமல் விட்டிருப்பீர்கள். உள்ளே கார்டு மேலும் கீழும் ஆடினால் ஒவ்வொரு குலுக்கலிலும் மூலைதான் போய் இடிக்கும்.

முதலில் பென்னி ஸ்லீவ். வாயை லேசாகப் பிதுக்கித் திறந்து, கார்டின் அடிப்பக்கத்தை உள்ளே விடுங்கள். மூலை தட்டினால் அழுத்தாதீர்கள், ஸ்லீவின் வாயோரத்தில் கத்தரியால் கால் அங்குலம் வெட்டிவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும். அடுத்து டாப்லோடர். அதில் போட்டிருக்கும் எண் கனம், ஒரு பாயிண்ட் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாதா கார்டுக்கு 35 போதும். ஆட்டக்காரரின் சட்டைத் துணி வைத்த ரெலிக் கார்டுக்கு 130 வரை வேண்டியிருக்கும். கனமான கார்டை 35-க்குள் திணித்தால் விளிம்பு உரியும்.

டாப்லோடரின் வாயை மூட, சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும்போது ஒட்டுகிற நீல டேப். ஒரு முனையை மடித்துவிடுங்கள், வாங்குபவர் அதைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். செலோ டேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை டாப்லோடரில் தங்கும், கழற்றும்போது கார்டில் ஒட்டினால் கார்டே போச்சு. ரப்பர் பேண்டும் அப்படியே, ஓரத்தில் பள்ளம் விழும்.

பிறகு டீம் பேக் என்கிற ஒட்டும் பிளாஸ்டிக் உறை; அது தண்ணீர் புகாமல் இருக்க. அதைக் கார்டைவிடப் பெரிய இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து, அட்டையை அட்டையோடு ஒட்டி, குமிழ் உறையில் போட்டு டிராக்கிங்கோடு அனுப்புங்கள்.

ஒரு டாலர், இரண்டு டாலர் கார்டுக்கு இவ்வளவும் கட்டாது. வெள்ளை உறையும் ஸ்டாம்பும் போதும், ஆனால் டாப்லோடர் வைக்காதீர்கள். அமெரிக்கத் தபாலில் சாதாக் கடிதம் கால் அங்குலக் கனத்தைத் தாண்டக்கூடாது, வளையாத உறைக்குக் கூடுதல் கட்டணம் உண்டு, உருளைகள் வழியாகப் போகும்போது கிழியவும் கிழியும். ஸ்லீவில் போட்டு, வளையக்கூடிய மெல்லிய அட்டை இரண்டுக்கு நடுவே வைத்தால் போய்ச் சேர்ந்துவிடும்.

கே: சார், என் மகன் டிரவுட்டின் ‘ரூக்கி’ கார்டு என்று ஒன்று கேட்கிறான். 2009 என்று சிலது, 2011 என்று சிலது. எது ரூக்கி?

ப: 2011 டாப்ஸ் அப்டேட், எண் யூஎஸ்175. ரூக்கி என்றால் ஆட்டக்காரர் மேஜர் லீக்குக்கு (பேஸ்பாலின் உச்ச லீக்) வந்த புதிதில் போடும் கார்டு; மைக் டிரவுட் அங்கே முதலில் ஆடியது அந்த வருடம்.

2009-ல் வந்தது போமன் என்ற பிராண்டின் கார்டு. மைனர் லீக் பையன்களுக்கு முன்கூட்டியே கார்டு போடுவது போமனின் வேலை. இப்போது அப்படி வரும் முதல் கார்டில் ‘ஃபர்ஸ்ட் போமன்’ என்ற முத்திரை இருக்கும். இலக்கணப்படி அது ரூக்கி கார்டு இல்லை. 2006 முதல் ரூக்கி கார்டுக்கென்று ஆர்சி சின்னம் தனியாகப் போடுகிறார்கள். ஆனால் சந்தை இலக்கணம் பார்ப்பதில்லை. கையெழுத்திட்ட முதல் போமன் க்ரோமுக்குத்தான் ஓட்டம். டிரவுட்டின் 2009 போமன் க்ரோம் சூப்பர்ஃப்ராக்டர், உலகத்தில் ஒன்றே ஒன்று, 2020-ல் 39 லட்சம் டாலரைத் தாண்டி ஏலம் போனது.

ஜப்பானிலிருந்து வந்த ஷோஹெய் ஓதானிக்கு இன்னொரு சிக்கல். ஜப்பானில் பிபிஎம் என்ற நிறுவனத்தின் கார்டு 2013-லேயே உண்டு. அமெரிக்க ரூக்கி 2018 (டாப்ஸ் இரண்டாம் சீரிஸில் 700-ஆம் எண்). மகனுக்கு என்றால் சாதா காகிதக் கார்டே போதும்.

கே: வாடகைக்கு வந்த வீட்டின் பரணில் 1987 முதல் 1992 வரையிலான கார்டு நாலு பெட்டி இருந்தது. வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். பணக்காரன் ஆகிவிட்டேனா?

ப: இல்லை. அந்த வருடங்களை ‘ஜங்க் வேக்ஸ்’ காலம் என்பார்கள். 1981-ல் ஃப்ளீர், டான்ரஸ் என்ற நிறுவனங்கள் வந்து டாப்ஸின் தனியாட்சி முடிந்தது, பிறகு ஸ்கோர், அப்பர் டெக். எல்லோரும் கணக்கில்லாமல் அச்சடித்தார்கள், வாங்கியவர்களும் வருங்கால முதலீடு என்று பத்திரமாகப் பூட்டி வைத்தார்கள். எல்லோரிடமும் இருக்கிற பொருளுக்கு விலை ஏது?

இருந்தாலும் இவை இருக்கிறதா என்று பாருங்கள்: 1989 அப்பர் டெக் முதல் எண், கென் கிரிஃபி ஜூனியர். 1990 டாப்ஸ் 414, ஃபிராங்க் தாமஸ், முன்பக்கத்தில் பெயர் அச்சாகாத பிழைக் கார்டு. 1992 போமன் 302, மரியானோ ரிவேரா. 1991 டாப்ஸில் ‘டெசர்ட் ஷீல்ட்’ தங்க முத்திரை. வளைகுடாவில் இருந்த படையினருக்கு அனுப்பியது. இதில் போலி முத்திரை ஏராளம், கிரேடு செய்யாத கார்டுக்கு முத்திரைக்குரிய விலை கொடுக்காதீர்கள். மீதியைப் பக்கத்துவீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், செட் சேர்க்கப் பழக அருமையான சரக்கு.

கே: பழைய பொருள் சந்தையில் 1952 டாப்ஸ் மிக்கி மேன்டில் கார்டை 200 டாலருக்கு ஒருவர் தருகிறார். வாங்கலாமா?

ப: ஸ்கேலை எடுத்துக்கொண்டு போங்கள். 1952 டாப்ஸின் அளவு 2⅝ அங்குலத்துக்கு 3¾. டாப்ஸே 1983-ல் அந்த செட்டை மறுபதிப்பாக வெளியிட்டது, அது இன்றைய 2½-க்கு 3½ அளவு. பாதி சந்தேகம் அங்கேயே தீரும்.

அளவு பொருந்தினால், 30 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் என்கிற கண்ணாடி. அசலில் எழுத்தும் கறுப்புக் கோடும் கெட்டியாக, விளிம்பு தெளிவாக இருக்கும். படமெடுத்து அடித்த போலியில் எழுத்தே புள்ளி புள்ளியாக உடைந்து தெரியும். அடுத்து, இருட்டில் புற ஊதா விளக்கு. அந்த வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும், வெண்மை கூட்டும் ரசாயனம் காகிதத்தில் பரவலாகக் கலந்தது 1940-களின் கடைசிக்குப் பிறகுதான். ஆகவே 1909-11-ல் சிகரெட் பெட்டியில் வந்த டி206 கார்டு நீலமாக ஒளிர்ந்தால் பேச்சே இல்லை, போலி. 1952-க்கு இந்தச் சோதனை மட்டும் போதாது.

இதே மேன்டில் (எண் 311) 2022-ல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. வேடிக்கை என்னவென்றால், அந்த செட்டில் கடைசியாக வெளிவந்த தொகுதியில் அது இரட்டை அச்சு, அதே தொகுதியின் பல கார்டுகளைவிட அதிகமாக அச்சானது. விற்காத பெட்டிகளை 1960 வாக்கில் டாப்ஸ் கடலில் கொட்டியது. அவருடைய ரூக்கிகூட அது இல்லை, 1951 போமன்தான். பெயருக்குத்தான் அந்த விலை. 200 டாலருக்கு அசல் கிடைக்காது.

கே: எதை கிரேடிங்குக்கு அனுப்பலாம்?

ப: கணக்குப் போட்டுவிட்டு அனுப்புங்கள். கார்டு 40 டாலர், கட்டணமும் போகவரத் தபாலும் சேர்த்து 30 என்று வைப்போம். பிஎஸ்ஏ என்ற கிரேடிங் நிறுவனத்திடம் 10 வந்தால் 150, 9 வந்தால் 55, 8 வந்தால் 35. மூன்று அனுப்பி, ஒன்று 10, ஒன்று 9, ஒன்று 8 என்று வந்தால் 240. விற்கும் கட்டணம் 13 சதவீதம் போனால் 209. நீங்கள் போட்டது 210. இதற்குத்தான் இத்தனை வாரம் காத்திருப்பு.

பத்து வராது என்பதை வீட்டிலேயே பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம். இடப்பக்க வெள்ளை ஓரத்தையும் வலப்பக்க ஓரத்தையும் மில்லிமீட்டரில் அளந்து பாருங்கள். 3-க்கு 2 என்றால் 60-க்கு 40, முன்பக்கம் 55-க்கு 45-க்குள் இருந்தால்தான் பத்து. பிறகு மூலை, விளிம்பு, மேற்பரப்பு. 1971 டாப்ஸ் போலக் கறுப்பு ஓரமுள்ளவற்றில் ஓரம் உரிந்த வெள்ளைப் புள்ளியை லூப்பில் தேடுங்கள். டெரெக் ஜீட்டரின் 1993 எஸ்பி கார்டு (279) ஃபாயிலால் ஆனது, பாக்கெட்டிலிருந்து எடுக்கும்போதே உரிந்திருக்கும்.

அனுப்ப டாப்லோடர் வேண்டாம், கார்ட் சேவர் என்கிற வளையும் உறையில் வையுங்கள். ஓரத்தைச் சீவி நேராக்கிய கார்டுக்கு கிரேடு கிடைக்காது. பிஎஸ்ஏ 1991-ல் முதன்முதலில் கிரேடு செய்த டி206 ஹோனஸ் வாக்னர் கார்டே ஓரம் வெட்டப்பட்டது என்று அதை முன்பு விற்றவர் 2013-ல் ஒப்புக்கொண்டார், அது வேறு கதை.

கே: க்ரோம் கார்டெல்லாம் வில் மாதிரி வளைகிறது, ஏன்?

ப: முன்பக்கப் படலம் ஈரத்தை இழுக்காது, பின்பக்கக் காகிதம் இழுக்கும். ஹீட்டர் ஓடும் குளிர்காலத்தில் காகிதம் சுருங்குவதால் ஓரங்கள் பின்பக்கம் வளையும், மழைக்காலத்தில் முன்பக்கம் வளையும். மூடிய டப்பாவில், ஈரப்பதத்தை 49 சதவீதத்தில் வைத்திருக்கும் பாக்கெட்டோடு சில நாள் வைத்துவிட்டு, காந்தம் வைத்த ஒன்-டச் டப்பாவுக்கு மாற்றுங்கள். திருகு வைத்த பழைய டப்பா வேண்டாம், இறுக்கினால் கார்டு நசுங்கித் தட்டையாகும்.

கே: கடையில் திறந்த பெட்டியிலிருந்து தனிப் பாக்கெட் வாங்கலாமா?

ப: வேண்டாம். ரெலிக் கார்டு கனமானது. எடை போட்டுப் பார்த்து நல்லதை முன்பே எடுத்திருப்பார்கள். முழுப் பெட்டியாக வாங்குங்கள், இல்லையென்றால் வேண்டிய கார்டைத் தனியாக வாங்குங்கள். இரண்டாவதுதான் மலிவு.

கே: ஆட்டக்காரருக்கே கார்டை அனுப்பிக் கையெழுத்து வாங்கலாமா?

ப: வாங்கலாம். பிப்ரவரி, மார்ச்சில் அணிகள் அரிசோனாவிலும் ஃபுளோரிடாவிலும் பயிற்சியில் இருக்கும், அந்த மைதான முகவரிக்கு அனுப்பினால் பதில் வரும் வாய்ப்பு அதிகம். நாலு வரிக் கடிதம், ஒன்றோ இரண்டோ கார்டு, உங்கள் முகவரியும் ஸ்டாம்பும் ஒட்டிய உறை. பளபளப்பான கார்டில் மை வழுக்கும், அனுப்பும் முன் பஞ்சில் கொஞ்சம் பேபி பவுடர் தொட்டு மேலே தடவித் துடைத்துவிடுங்கள். திரும்பி வராவிட்டால் நீங்கள் அழுவீர்கள் என்கிற கார்டை அனுப்பாதீர்கள்.