நாமெக் கிரகத்தின் ஐந்து நிமிடங்கள்

அன்புள்ள ஐயா,

ஐ.டி. துறையில் வேலை பார்க்கிறேன். வயது முப்பத்தெட்டு. பள்ளி நாட்களில் கேபிள் டிவியில் 'டிராகன் பால் இசட்' என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடரைப் பார்த்துவிட்டு டியூஷனுக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கியவர்களில் ஒருவன். வசனம் பாதிதான் புரியும். இருந்தாலும் நாயகன் கோகுவின் தலைமுடி எப்போது பொன்னிறமாக மாறும் என்று நெஞ்சு படபடக்கக் காத்திருப்போம். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனால் அழுகையே வந்துவிடும்.

இப்போது பத்து வயது மகளுடன் அதை முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினேன். சில நாட்களிலேயே "எப்போதுதான் அப்பா இவர்கள் சண்டை போடுவார்கள்? பேசிக்கொண்டே இருக்கிறார்களே" என்று கேட்டுவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் தனியாக உட்கார்ந்து பார்த்தபோது என் கையும் ஓட்டிவிடும் பொத்தானைத்தான் தேடியது. அப்படியானால் நாங்கள் கொண்டாடியது சுமாரான சரக்கைத்தானா? இல்லை, எனக்குப் பொறுமை போய்விட்டதா? 2024 மார்ச்சில், அதை உருவாக்கிய அகிரா தோரியாமா இறந்த செய்தி வந்தபோது அலுவலகத்தில் கண் கலங்கி உட்கார்ந்திருந்தேன். அது யாருக்காக என்றே இப்போது சந்தேகமாக இருக்கிறது. புதிதாக வந்த தொடர்களைப் பார்க்கலாமா என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் சொன்னது சரி. அவர்கள் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். பேசாத நேரத்தில் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள், பின்னால் மேகம் நகர்கிறது, பாறை ஒன்று உருண்டு விழுகிறது. ஆனால் இந்த இழுவை தோரியாமாவுடையது அல்ல. அவர் ஜப்பானிய காமிக்ஸிலேயே வேகமான கைகளில் ஒருவர். மூலக்கதையைப் படிக்காமல் தொலைக்காட்சித் தொடரை வைத்து அவரை எடைபோடுவதால் வருகிற சிக்கல் இது.

'டிராகன் பால்' மங்கா, அதாவது அவர் வரைந்த மூல காமிக்ஸ், 1984 நவம்பரில் 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் தொடங்கியது. வாரத்துக்குச் சுமார் பதினைந்து பக்கம். முதல் தொலைக்காட்சித் தொடரோ 1986 பிப்ரவரியிலேயே ஃபுஜி டிவியில் வந்துவிட்டது. இடையில் ஒன்றேகால் வருடம்தான். தோரியாமா வாரம் பதினைந்து பக்கம் வரைகிறார், தொடரைத் தயாரித்த தோயெய் அனிமேஷன் நிறுவனம் வாரம் இருபது நிமிடத்துக்கு மேல் படம் காட்டியாக வேண்டும். அந்தப் பக்கங்களைச் சாதாரணமாகப் படமாக்கினால் சில மாதங்களில் கதையைப் பிடித்துவிடுவார்கள், அதன் பிறகு காட்ட ஒன்றும் இருக்காது. தொடரை நிறுத்திவைக்கவும் வழியில்லை, புதன்கிழமை மாலை ஏழு மணி என்பது விளம்பரதாரருக்கு விற்றாகிவிட்ட நேரம். ஆகவே சென்ற வாரக் காட்சியைத் திரும்பப் போட்டார்கள், முறைத்தலை நீட்டினார்கள், மங்காவில் இல்லாத கதைகளைச் செருகினார்கள்.

செருகியது எல்லாம் மோசம் என்றும் சொல்ல மாட்டேன். மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் கோகுவும், பச்சை நிறத்து பிக்கோலோவும் ஓட்டுநர் உரிமம் வாங்கப் பயிற்சிப் பள்ளிக்குப் போவார்களே, முதல் தொடரின் தொடர்ச்சியான 'இசட்' தொடரின் 125ஆவது எபிசோடு, அது முழுக்கத் தோயெய் எழுத்தாளர்களின் கைச்சரக்கு. வானத்தில் பறக்கத் தெரிந்த இருவர் கார் ஓட்டத் திணறுகிறார்கள். தோரியாமாவே எழுதியிருக்கக்கூடிய நகைச்சுவை. உங்கள் மகளுக்கு அதை மட்டும் தனியாகப் போட்டுக் காட்டிப் பாருங்கள்.

இழுவையின் உச்சம் நாமெக் கிரகம். இன்னும் ஐந்து நிமிடத்தில் இந்தக் கிரகம் வெடித்துவிடும் என்று வில்லன் ஃப்ரீசா அறிவிக்கிறான். அந்த ஐந்து நிமிடம் தொலைக்காட்சியில் ஏறத்தாழப் பத்து எபிசோடுகள் ஓடியது. அதாவது ஜப்பானியச் சிறுவர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் அந்தக் கிரகம் எப்போது வெடிக்கும் என்று உட்கார்ந்திருந்தார்கள். அங்கேயே இது கேலிப்பொருள்தான். நீங்கள் ஓட்டிவிடும் பொத்தானைத் தேடியதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. தோயெய் நிறுவனமே அதைச் செய்தது. 2009இல் 'டிராகன் பால் கை' என்ற பெயரில் பழைய தொடரை வெட்டித் தொகுத்து, மங்காவை ஒட்டி மறுபடி ஒளிபரப்பினார்கள். செல் என்ற வில்லன் அழியும்வரை பழைய கணக்கில் 194 எபிசோடுகள். புதிய தொகுப்பில் தொலைக்காட்சியில் வந்தவை 97. சரிபாதி காற்று என்று அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

இனி மங்காவுக்கு வாருங்கள். ஆரம்பப் பகுதியில் ஒரு தற்காப்புக் கலைப் போட்டி வரும். அரையிறுதியில் கோகுவின் நண்பன் கிரிலினும் ஜாக்கி சுன் என்ற கிழவரும் மோதுகிறார்கள். கண் மூடித் திறப்பதற்குள் பாய்ந்து, மோதி, விலகி நிற்கிறார்கள். கூட்டத்தில் யாருக்கும் என்ன நடந்தது என்று தெரியவில்லை. அறிவிப்பாளருக்கும் தெரியவில்லை. அவர் பரிதாபமாக, கொஞ்சம் செய்து காட்ட முடியுமா என்று கேட்கிறார். உடனே இருவரும் நல்ல பிள்ளைகளாக எதிரெதிரே நின்று, நான் இப்படிக் குத்தினேன், இவர் இப்படித் தடுத்தார் என்று ஒவ்வொரு அடியாக நிதானமாக நடித்துக் காட்டுகிறார்கள். நடுவில் 'கல், காகிதம், கத்திரி' விளையாடியிருக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரிகிறது! ஒரு நொடியை முதலில் வெடிப்பாகவும் பிறகு விளக்கமாகவும் வரைந்து, இரண்டிலும் சிரிக்க வைக்கிறார் தோரியாமா. இப்படி எழுதியவரின் கதையைத்தான் ஐந்து நிமிடத்தைப் பத்து வாரமாக்கும் இயந்திரத்தில் போட்டார்கள்.

அவர் மங்காவுக்கு வருவதற்கு முன் நகோயாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வரைகலை வேலை பார்த்தவர். அது ஒவ்வொரு உருவத்திலும் தெரியும். கோகுவையோ அவன் போட்டியாளன் வெஜிட்டாவையோ வெறும் கரிய நிழலாக வரைந்து காட்டுங்கள், குழந்தைகூடப் பெயர் சொல்லும். கூடவே நல்ல சோம்பேறி. இதை நான் பழியாகச் சொல்லவில்லை, அவரே பேட்டிகளில் சிரித்துக்கொண்டு சொன்னது. நகரத்துக் கட்டடங்களை வரைய அலுப்பு, அதனால் சண்டையைப் பொட்டல்வெளிக்கு மாற்றுவார், இல்லையென்றால் முதல் அடியிலேயே ஊரைத் தரைமட்டமாக்கிவிடுவார். நீங்கள் காத்திருந்த பொன்னிற முடிக்கும் இதுவே பின்னணி. கறுப்பு வெள்ளைப் பக்கத்தில் பொன்னிறம் என்றால் மையே பூசாத வெறும் தாள். கோகுவின் கருமுடிக்கு மை பூசியே உதவியாளருக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது, முடியை வெளுக்கச் செய்ததில் அந்த வேலை மிச்சமானது. உலகம் முழுக்கச் சிறுவர்களை எழுந்து கத்த வைத்த அந்த உருமாற்றத்துக்குள் ஒரு உதவியாளரின் ஓய்வும் அடக்கம்.

திட்டமிட்டு எழுதியவரும் அல்ல. இதழின் வாசகர் வாக்கில் தொடர் பின்தங்கியபோது, நாயகன் சப்பென்று இருக்கிறான் என்றார் பொறுப்பாசிரியர் காசுஹிகோ தோரிஷிமா. கோகு பலசாலியாவதையே கதையாக்கி, பயிற்சியும் போட்டியும் வந்தது அதன் பிறகுதான். பின்னாளில் 19, 20 என்ற இயந்திர மனிதர்களை வில்லன்களாகக் கொண்டுவந்தார். அப்போது பொறுப்பிலிருந்தே விலகியிருந்த தோரிஷிமா தொலைபேசியில் கூப்பிட்டு, ஒரு கிழவனும் ஒரு குண்டனுமா வில்லன்கள் என்று கேட்டார். உடனே 17, 18 வந்தார்கள். இவர்கள் வெறும் பொடிசுகள் என்ற குறை வந்தது. செல் வந்தான். அவன் அசிங்கமாக இருக்கிறான் என்றார்கள், உருமாறி அழகானான். நீங்கள் பள்ளி வயதில் விதி போல நம்பிப் பார்த்த அந்த நீண்ட கதை, வாரா வாரம் யாரோ முகம் சுளித்ததற்குப் பதிலாக எழுந்தது. எனக்கு இதனால் மதிப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை. பத்தரை வருடத்தில் 519 அத்தியாயம், அதுவும் பெரும்பாலும் ஒரே ஒரு உதவியாளருடன்!

அலுவலகத்தில் உட்கார்ந்து அழுதது யாருக்காக என்று கேட்டிருந்தீர்கள். டியூஷன், கேபிள் டிவி, மின்வெட்டு என்று எல்லாவற்றுக்கும் அதில் பங்கிருக்கும்தான். ஆனால் அதோடு விட்டுவிட எனக்கு மனமில்லை. நீங்கள் பார்த்தது பாதி நீர் கலந்தது, வசனம் பாதி புரியாதது. இசைகூட மாறியிருக்கலாம், அமெரிக்காவில் ஆங்கிலமாக்கியவர்கள் ஷுன்சுகே கிகுசியின் மூல இசையை எடுத்துவிட்டுத் தங்கள் இசையைப் போட்டார்கள். இத்தனை சல்லடைகளுக்குப் பிறகும் ஏதோ ஒன்று திருப்பூர் வரை வந்து உங்களைப் பிடித்திருக்கிறதே, அது தோரியாமாவின் கோடுதான். முறைத்துக்கொண்டு நிற்கும்போதும் அந்த உருவங்கள் நிற்கிற விதம். அழுததில் தவறில்லை, ஆள் மாறி அழவும் இல்லை.

புதிய தொடர்களைப் பற்றி எனக்குப் பெரிய உற்சாகம் இல்லை. 2015 முதல் 2018 வரை வந்த 'சூப்பர்' தொடரில் முடி நீலமாகிறது, பிறகு வெள்ளியாகிறது, பலம் கூடுகிறது, ஆபத்து மட்டும் கூடவில்லை. ஒருமுறை செத்தால் துக்கம், ஐந்தாம் முறை பிழைத்தால் நிர்வாகம். இருந்தாலும் அதன் கடைசி எபிசோடுகளை மெக்சிகோ நகரங்களில் பொதுச் சதுக்கங்களில் திரை கட்டி, ஆயிரக்கணக்கில் கூடிப் பார்த்தார்கள். உரிமம் இல்லாமல் காட்டுகிறார்கள் என்று தோயெய் ஆட்சேபித்தது, கூட்டம் கேட்கவில்லை. அந்தச் சதுக்கத்தில் நின்றிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

'டைமா' வேறு கதை. 2024 அக்டோபரில் தொடங்கி 2025 பிப்ரவரியில் இருபதே எபிசோடுகளில் முடிந்தது. கதையும் உருவங்களும் தோரியாமாவுடையவை, ஒளிபரப்பைப் பார்க்கத்தான் அவர் இல்லை. கோகுவை மறுபடி சிறுவனாக்கி, கையில் பழைய கோலைக் கொடுத்து, ஊர் ஊராக அலைய விட்டிருக்கிறார். 1986இல் 49 வயதில் கோகுவுக்குக் குரல் கொடுக்கத் தொடங்கிய மாசாகோ நொசாவா அம்மையார் 88 வயதில் இந்தச் சிறுவனுக்கும் குரல் கொடுத்திருக்கிறார். ஜப்பானியக் குரலிலேயே பாருங்கள்.

மங்கா வாங்குவதாக இருந்தால் ஒரு குறிப்பு. ஜப்பானில் 42 தொகுதிகளும் ஒரே பெயரில் வந்தவை. ஆங்கிலத்தில் முதல் 16 தொகுதிகள் 'டிராகன் பால்', மீதி 26 தொகுதிகள் 'டிராகன் பால் இசட்'. நீங்கள் பார்த்திராத அந்த முதல் பதினாறில்தான் என் பிரியம் முழுவதும். வறண்டுபோன ஊருக்குத் தண்ணீர் வாங்கப் பரிசுப் பணம் தேடி வரும் 'நாம்' என்ற பெயருடைய தலைப்பாகைக்காரர் ஒருவர் அதில் உண்டு, நம் நாட்டு ஆள் மாதிரியே வரைந்திருப்பார். அவர் தோற்றுப் போகிறார். இங்கே தண்ணீருக்குக் காசு கிடையாது, கிணற்றில் எடுத்துக்கொள் என்று சொல்லி, அதைத் தூக்கிப்போக, எவ்வளவையும் சுருக்கி அடைத்துக்கொள்ளும் ஒரு சின்னக் குப்பியையும் கொடுத்து அனுப்புகிறார் ஜாக்கி சுன். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றவர்களுக்கு அந்தப் பக்கங்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் புரியும்.

ஆனால் மகள் கையில் கொடுப்பதற்கு முன் நீங்கள் படித்துவிடுங்கள். அந்தத் தொகுதிகளில் ஜொள்ளுவிடும் கிழவர் நகைச்சுவை நிறைய உண்டு. எண்பதுகளின் ஜப்பானியச் சிறுவர் இதழில் செல்லுபடியானது, பத்து வயதுப் பெண்ணிடம் விளக்கிச் சொல்லும்படியானதல்ல. அவளுக்கு இப்போதைக்கு அந்த ஓட்டுநர் பயிற்சி எபிசோடும் 'டைமா'வும் போதும். அதற்கும் எழுந்து போனால் கூப்பிட்டு உட்கார வைக்காதீர்கள், அவளுக்கென்று வேறொரு தொடர் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும்.