வயதின் மேல் பழி

கேள்வி: என் மனைவிக்கு 41 வயது. பல ஆண்டு சிகிச்சைக்குப் பின் பிறந்த முதல் குழந்தைக்கு இப்போது இரண்டு மாதம். மனைவி எந்நேரமும் அழுகிறார். குழந்தையைத் தூக்கவே தயங்குகிறார். ‘இந்த வயதில் பெற்றால் இப்படித்தான்’ என்கிறார்கள் உறவினர்கள். தாமதமாகத் தாயானதுதான் காரணமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உறவினர்களின் தீர்ப்பில் ஒரு சௌகரியம் இருக்கிறது. வயதைக் குறைக்க யாராலும் முடியாது. ஆகவே யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை!

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு ஏறக்குறைய ஏழு தாய்மாரில் ஒருவருக்கு வருகிறது. பதின்வயதுத் தாய்மாருக்கு அபாயம் கூடுதல் என்பது தெரிந்த செய்தி. மூத்த தாய்மாரைப் பற்றிய ஆய்வுகளோ ஒத்துப்போகவில்லை. சில அபாயம் அதிகம் என்கின்றன, சில வேறுபாடே இல்லை என்கின்றன. முன்பு மனச்சோர்வு வந்ததுண்டா, கர்ப்ப காலத்திலேயே மனம் தளர்ந்திருந்ததா, வீட்டில் கைகொடுக்க ஆள் உண்டா – பிறந்த ஆண்டைவிட இவைதான் அதிகம் சொல்லும்.

வயது பின்வாசல் வழியாக நுழைவதுண்டு. 40-ஐத் தாண்டிய பிரசவத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை, அறுவைசிகிச்சை, குறைமாதப் பிறப்பு ஆகியவற்றுக்கு வாய்ப்பு அதிகம். தையல் ஆறாத உடம்போடு இரவில் நான்கு முறை எழுந்தால் எவருக்கும் மனம் தளரும். உதவிக்கு வர வேண்டிய பெற்றோருக்கே அந்நேரம் துணை தேவைப்படலாம். எல்லாவற்றிலும் கொடியது, ‘தவமிருந்து பெற்ற பிள்ளையாயிற்றே, இன்னும் என்ன குறை?’ என்ற பேச்சு. அதைக் கேட்டபின் எந்தப் பெண் ‘என்னால் முடியவில்லை’ என்று வாய்திறப்பாள்? ஊசியும் ஸ்கேனுமாக ஆண்டுக்கணக்கில் அலைந்தவருக்கு அழும் உரிமை பறிபோய்விட்டதா என்ன?

பிரசவமான சில நாட்களில் அழுகையும் எரிச்சலும் பலருக்கும் வரும். இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கும். உங்கள் வீட்டில் இரண்டு மாதம் ஓடிவிட்டது. இனியும் காத்திருந்தால் அதற்குப் பெயர் அலட்சியம்.

மருத்துவரிடம் போங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய உதவும், 1987 முதல் புழக்கத்தில் இருக்கும் எடின்பரோ அளவுகோல் என்ற வினாத்தாளை அவர் நிரப்பச் சொல்லலாம். பத்தே கேள்விகள், சில நிமிட வேலை. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது அதில் கடைசிக் கேள்வி. அதை வீட்டில் யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள். தைராய்டு கோளாறும் இரத்தசோகையும் இதே சோர்வைக் காட்டும் என்பதால் அவற்றுக்கும் பரிசோதனை கேளுங்கள். உளவியல் ஆலோசனை நல்ல பலன் தருகிறது. மருந்து தேவைப்பட்டாலும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியிருக்கும் என்று அஞ்ச வேண்டாம். செர்ட்ராலின் போன்றவற்றை மருத்துவர் மேற்பார்வையில் பாலூட்டிக்கொண்டே சாப்பிடலாம். இல்லாத குரல் கேட்பது, தன்னையோ குழந்தையையோ மாய்க்கும் எண்ணம் என்று ஏதேனும் தெரிந்தால் ஒருமணி நேரமும் தாமதிக்காதீர்கள். அவசரப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள், தனியே விடாதீர்கள்.

மனைவியின் வயதை முதல் வரியிலேயே எழுதினீர்கள். இரவில் குழந்தைக்கு யார் எழுந்திருக்கிறார்கள் என்பதை எழுதவில்லை. அவர் மருத்துவரிடம் பேசும்போது உறவினர் எவரும் அறையில் வேண்டாம். நீங்களும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே உட்காருங்கள்.