எந்த ஊர் என்று கேட்டார்

கேள்வி: எனக்கு வயது 36. அரச அலுவலகம் ஒன்றில் வேலை. அப்பா இல்லை, அம்மாவுடன் இருக்கிறேன். அக்கா கனடாவில். ஒவ்வொரு இரவும் வட்ஸ்அப்பில் அம்மாவுடன் கதைப்பார். ஒரு வருடமாக எனக்கு நித்திரை இல்லை, நெஞ்சை அடைக்கிறது, பெருமூச்சு வந்தபடியே இருக்கிறது. ஈ.சி.ஜி., இரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாம். வைத்தியர் ஓர் உளவியலாளரிடம் அனுப்பினார். முதல் நாளே அவர் "எந்த ஊர்?" என்று கேட்டார். இப்போது இருக்கும் இடத்தைச் சொன்னேன், பிறந்த ஊரைச் சொல்லவில்லை. "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்றாம் முறை "அம்மாவிடம் இல்லை என்று சொல்லப் பழகுங்கள்" என்றார். பிறகு நான் போகவில்லை. போன வெள்ளிக்கிழமை நல்லூரில் அவரைக் கண்டதும் தூணுக்குப் பின்னால் மறைந்துகொண்டேன். இந்தச் சிகிச்சை எங்களைப் போன்றவர்களுக்கு ஒத்துவராதா?
— வலிகாமத்திலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது அந்தத் தூண்தான். நமக்கு ஒரு பொருட்டும் இல்லாதவரைக் கண்டால் யாரும் ஒளிவதில்லை. மூன்றே சந்திப்பில் அந்த உளவியலாளர், மனம் நோகுமோ என்று நீங்கள் அஞ்சும் ஒருவராகிவிட்டார். இன்னொன்றையும் ஊகிக்கிறேன், பிழையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுடன் மனக்கசப்பு வரும்போதும் நீங்கள் வாய் திறக்காமல் குசினிக்குள் போய்விடுவீர்கள், இல்லையா? வீட்டில் நடப்பது சிகிச்சை அறையிலும் அப்படியே நடந்திருக்கிறது. உறவை மையமாக வைத்து வேலை செய்யும் உளவியலாளருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. உங்கள் கதையைக் கேட்பதோடு அவர் வேலை முடிவதில்லை. அவருக்கும் உங்களுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதையும் இருவருமாகப் பார்ப்பதுதான் அந்த முறை.

அந்தக் கேள்விக்கு வருகிறேன். எந்த ஊர், யாருடைய பிள்ளை, எந்தப் பள்ளிக்கூடம்? யாழ்ப்பாணத்தில் தேநீர் வருவதற்கு முன்பே இந்த மூன்றும் வந்துவிடும். சொந்தம் தேடுகிறவரும் இப்படித்தான் கேட்பார், சாதி தேடுகிறவரும் இப்படித்தான் கேட்பார். குரலில் வித்தியாசம் தெரியாது. 1990இல் போரால் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பி, பல ஆண்டுகள் முகாம்களில் இருந்தவர்களுக்கு ஊர்ப்பெயரே ஒரு காயம். 1995 ஒக்டோபர் 30 இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தவர்களுக்கு அது வேறொரு காயம். உங்களுக்கு இதில் எது உறுத்தியது என்று நீங்கள் எழுதவில்லை, எழுதவும் வேண்டாம். அவர் அன்பாகவே கேட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் ஒரு கணம் தயங்கியிருப்பீர்கள், அதை அவர் கண்டிருக்க வேண்டும்.

பண்பாடு அறிந்த சிகிச்சை என்றால் துடக்கும் திவசமும் செவ்வாய்தோஷமும் தெரிந்திருந்தால் போதும் என்று எங்கள் துறையிலேயே பலர் நினைக்கிறார்கள். 1998இல் மெலனி டெர்வலோன், ஜான் மரே-கார்சியா என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இதற்கு மாற்றாகப் பண்பாட்டுப் பணிவு என்ற ஒன்றை முன்வைத்தார்கள். எதிரே இருப்பவரின் உலகம் எனக்கு முழுதாகத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு கேட்டபடி இருப்பதும், என் கதிரைக்கு இருக்கும் அதிகாரத்தை நானே கவனிப்பதும்தான் அது. எங்களூரில் இது இன்னும் கடினம். வெளிநாட்டிலிருந்து வந்தவர் தெரியாததைக் கேட்டு அறிவார். நம்மவரோ தெரியும் என்று நினைத்துக்கொண்டு கேட்காமலே விட்டுவிடுவார்.

நானும் விட்டிருக்கிறேன். பயிற்சி முடித்த புதிதில் ஓர் அம்மா பனையோலைப் பெட்டியில் கறுத்தக்கொழும்பான் கொண்டுவந்தார். அன்பளிப்பு வாங்கக் கூடாது என்ற விதியை நான் மரியாதையாக விளக்கினேன். அவர் தலையாட்டிவிட்டுப் பெட்டியைக் கதிரைக்குக் கீழே வைத்தார். போகும்போது எடுத்துப் போகவில்லை. பிறகு வரவும் இல்லை. மூன்று நாட்கள் அந்த அறை முழுக்க மாம்பழ வாசனை. இன்றைக்கென்றால், மரம் எங்கே நிற்கிறது, யார் வைத்தது என்றாவது முதலில் கேட்டிருப்பேன்.

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்பதற்குப் பதில் வராதது உங்கள் குறையில்லை. தனியாக இருந்தாலும் "எங்கள் வீடு", "எங்கள் அம்மா" என்று கதைக்கும் ஊர் இது. உங்கள் கேள்வியையே பாருங்கள், "எங்களைப் போன்றவர்களுக்கு" என்றுதான் முடிகிறது. ஜீன் பேக்கர் மில்லர் என்ற உளமருத்துவர், பெண்கள் உறவுகளை அறுத்துக்கொண்டு வளர்வதில்லை, உறவுகளுக்குள்ளேயே வளர்கிறார்கள் என்று 1976இல் எழுதினார். அதுவும் அமெரிக்கப் பெண்களைப் பற்றி! உங்களிடம் நானாக இருந்தால் வேறு விதமாகக் கேட்டிருப்பேன்: இரவில் அக்காவும் அம்மாவும் போனில் கதைக்கும்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள்? போன் உங்கள் கைக்கு வருமா? வந்தால் அக்கா உங்களிடம் என்ன கேட்பார், உங்கள் சுகத்தையா, அம்மாவின் மாத்திரையையா?

"இல்லை" என்று சொல்லப் பழகச் சொன்னதும் அடியோடு பிழையில்லை. அவசரப்பட்டுவிட்டார். எங்கள் வீடுகளில் மறுப்பதற்கு வேறு வழிகள் உண்டு. "பிறகு பார்ப்போம் அம்மா" என்பது ஒரு மறுப்பு. சின்னம்மாவைக் கொண்டு சொல்விப்பது இன்னொன்று. நீங்கள் ஏற்கெனவே எப்படி மறுக்கிறீர்கள் என்று பார்த்து, அங்கிருந்து தொடங்கலாம். அதற்காக, பண்பாடு என்ற பெயரில் எதையும் பொறுத்துப் போகச் சொல்கிறவரையும் நம்பாதீர்கள். அடிக்கிற கணவனிடமே "குடும்பம் என்றால் அப்படித்தான்" என்று பெண்ணைத் திருப்பி அனுப்பிய உளவளத்துணையாளர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் ஆத்திரம்தான்.

பெருமூச்சை யாராவது நடிப்பு என்றால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். மனத்தின் பாரம் இங்கே உடம்பு வழியாகவும் வெளிவருவதையும், போர் தனி ஆளோடு நில்லாமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்தியதையும் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் விரிவாக எழுதியிருக்கிறார்.

இனி என்ன செய்வது? ஒரு முறை திரும்பிப் போங்கள் என்பேன். எதற்காகச் சந்திக்கிறோம், எந்த வழியில் போகிறோம், இருவருக்கும் இடையில் நம்பிக்கை இருக்கிறதா என்ற மூன்றிலும்தான் சிகிச்சை உறவு நிற்கிறது என்று எட்வர்ட் போர்டின் 1979இல் எழுதினார். உங்கள் இருவருக்கும் முதல் இரண்டிலேயே இடறிவிட்டது. இடறியதை இருவருமாகப் பேசிச் சீர்செய்வதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான். "ஊரைக் கேட்டபோது நான் முழுதாகச் சொல்லவில்லை. நீங்கள் அம்மாவைக் குறை சொல்வதுபோலவும் இருந்தது." இவ்வளவும் போதும். வாய் வராவிட்டால் எனக்கு எழுதிய கடிதத்தையே வாசித்துக் காட்டுங்கள். அவர் உடனே தன் பக்க நியாயத்தை அடுக்கத் தொடங்கினால் வேறொருவரைத் தேடலாம்; யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன, கட்டணம் இல்லை. "அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டால் இருங்கள்.

நீங்களும் அவரிடம் கேட்கலாம். என்ன எழுதி வைக்கிறீர்கள், கோப்பு யார் கையில் இருக்கும், என் அலுவலகத்தில் உங்களுக்கு யாரையாவது தெரியுமா, கோயிலில் கண்டால் கதைப்பதா விடுவதா என்று. சின்ன ஊரில் இவை எல்லாம் நியாயமான கேள்விகள்.

உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் மட்டும் எந்தச் சந்திப்புக்கும் காத்திருக்க வேண்டாம். 1926 என்ற தேசிய உளநல உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள்.

மற்றபடி, அவருக்குப் போன் எடுத்து ஒரு நேரம் கேளுங்கள். இத்தனை நாள் வராததற்கு மருத்துவச் சான்றிதழ் ஒன்றும் கேட்கமாட்டார். எங்கே போகிறேன் என்று அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதையும் அங்கேயே வைத்துக் கதைக்கலாம்.