மீந்த மருந்தை எங்கே போடுவது?

கேள்வி: நான் வார்டு பொறுப்புச் செவிலியர். பாதி மீந்த ஆன்டிபயாடிக் குப்பிகளை சிங்கில் ஊற்றுகிறோம். காலாவதியான மாத்திரைகளைத் தொற்றுக் கழிவுப் பையிலேயே போடுகிறோம். எல்லாம் எரிக்கத்தானே போகிறது, பிரிப்பது வீண் வேலை என்கிறார்கள். சரிதானா?
- ஒரு வாசகி

பதில்: சரியில்லை, சகோதரி. சிங்கிலிருந்தே தொடங்குகிறேன், அந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். மருந்தாளுநராகச் சேர்ந்த புதிதில், மூத்தவர்கள் காட்டிக்கொடுத்தபடி குப்பியைக் கவிழ்த்துவிட்டுக் குழாயைத் திறந்துவிடுவேன். தண்ணீரோடு போயிற்று என்று நினைத்தேன். போகவில்லை. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பாக்டீரியாக்களையே அந்த மருந்து கொல்லும்; பிழைப்பவை அதற்கு அடங்காத கிருமிகளாகப் பெருகும். நாளை நம் வார்டில் நாம் போராடப்போவது அவற்றோடுதான். வெறும் சலைன், குளுக்கோஸ் என்றால் சாக்கடையில் விடலாம். அதில் மருந்து கலந்திருந்தால் அதுவும் மருந்துக் கழிவுதான்.

எல்லாம் எரிக்கப்படுவதும் இல்லை. தொற்றுக் கழிவு பல இடங்களில் ஆட்டோகிளேவ் என்னும் அழுத்தக் கலனில் 121 டிகிரி நீராவியில் வேகிறது. கிருமி சாகும், மாத்திரையின் வீரியத்தை அழிக்க அந்தச் சூட்டை நம்பக் கூடாது. எரித்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே சூடு போதாது. புற்றுநோய் மருந்துகளுக்கு 1200 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குறைந்த சூட்டில் எரித்தால் நஞ்சு புகையோடு வெளியேறும். அதனால் கீமோ குப்பியோடு, அது பட்ட கையுறை, டிரிப் குழாய் எல்லாமே 'சைட்டோடாக்சிக்' (செல்களைக் கொல்லும் நஞ்சு) என்று குறியிட்ட, கசியாத தனிப் பெட்டிக்குப் போக வேண்டும். இன்ஹேலர், ஸ்ப்ரே டப்பா எரிஉலைக்குள் வெடிக்கும். அவற்றைத் தனியே வையுங்கள். மற்ற மருந்துக் கழிவுக்கு அந்நிறுவனம் சொல்லும் நிறம் பழுப்பு. உங்கள் நாட்டு விதி வேறு நிறம் சொன்னால் அதுவே செல்லும்.

காலாவதி ஸ்டாக்கைப் பட்டியல் போட்டுப் பூட்டி வையுங்கள். விநியோகித்தவர் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று முதலில் கேளுங்கள். அட்டையோடு குப்பைக்குப் போகும் மாத்திரை மறுபடி விற்பனைக்கு வர வாய்ப்புண்டு. மார்ஃபின் போன்ற போதை தரும் மருந்துகளை இரண்டு பேர் முன்னிலையில் அழித்து, இருவரும் கையெழுத்திட வேண்டும்.

தகுந்த எரிஉலையே எட்டாத இடமென்றால், சாதாரண மாத்திரைகளை இரும்பு டிரம்மில் முக்கால் பங்கு நிரப்பி, சுண்ணாம்பு, சிமெண்ட், தண்ணீரை எடையில் 15:15:5 என்று கலந்து மேலே ஊற்றி, இறுகிய பின் மூடியை வெல்டிங் செய்து, முறையான குப்பைக் கிடங்கின் அடியில் புதைப்பார்கள்.

பிரிப்பது ஊசி போடும் டிராலியின் பக்கத்திலேயே, அந்த நிமிடமே நடக்கட்டும். கலந்த பிறகு பையைக் கிளறச் சொல்லாதீர்கள். உள்ளே ஊசி கிடந்தால் குத்துவது துப்புரவுப் பணியாளரின் கையில்தான். எந்தப் பையில் என்ன இருக்கிறது என்று அவரிடம் நின்று சொல்லுங்கள். நான் வேலை பார்த்த இடத்தில் பல வருடம் அவர்களிடம் யாரும் அதைச் சொன்னதில்லை; நானும் சொன்னதில்லை.